பீஸ் லில்லிக்கு வேர் சிகிச்சை

ஜூன் 9, திங்கள்

வசந்தாமணி நேற்று கூடலூருக்குப் போய்ச் சேர்ந்தாள். இத்தனை வருடம் ஈரோட்டைச் சுற்றியே அறிவியல் பாடம் எடுத்தவள், இன்று முதல் மலைமேல் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. பள்ளிக்குப் பக்கத்திலேயே சின்ன வீடு ஒன்று கிடைத்திருக்கிறது. பதவி உயர்வு வந்த அன்று, "போகட்டுங்களா?" என்று கேட்டாள். தாராளமாகப் போ என்றேன். எனக்கு இதில் ஆட்சேபணை ஏதும் இல்லை. மின்வாரியத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

மகன் புனேயில். ஆக, இந்த இரண்டாம் மாடி வீட்டில் இப்போது நானும் வசந்தாமணியின் ஏழு செடித் தொட்டிகளும்.

பேருந்து நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏனுங்க, செடிக்குத் தண்ணி..." என்றாள். அதற்குள் பக்கத்துப் பேருந்துக்காரன் ஹாரனை அமுக்கிவிட்டான். "...ஊத்துங்க, மறந்துறாதீங்க" என்பது மட்டும் காதில் விழுந்தது.

மறப்பதற்கு நான் என்ன சின்னப் பையனா?

ஜூன் 14, சனி

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. காலையில் காபி குடித்ததும் ஒரு சுற்று. செய்தித்தாள் படித்து முடித்ததும் ஒரு சுற்று. சாயங்காலம், பள்ளி விட்டு வரும் நேரத்தில் ஒரு சுற்று. பள்ளி விட்டு யாரும் வருவதில்லை. நேரத்தை அடையாளம் சொல்வதற்காக எழுதினேன்.

செடிகளோடு பேசுகிறேன் என்று யாராவது சொன்னால் அது பொய். செய்தித்தாளைக் கொஞ்சம் சத்தமாகப் படிக்கிறேன், அவ்வளவுதான்.

மகன் முன்பு வாங்கி அனுப்பிய பீங்கான் தொட்டிகள் பரணில் சும்மா கிடந்தன. செடிகளை அவற்றுக்குள் இறக்கி வைத்தேன். வீடே ஓட்டல் வரவேற்பறை மாதிரி ஆகிவிட்டது. அடியில் ஓட்டை இல்லாததால் தரையும் நனைவதில்லை. இது ஏன் வசந்தாமணிக்குத் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

அரிசிம்பருப்பு சாதம் செய்தேன். அடிப்பிடித்துவிட்டது. மேலாக எடுத்துச் சாப்பிட்டேன்.

பீஸ் லில்லி வாடியிருக்கிறது. இது வசந்தாமணிக்கு மிகவும் பிடித்த செடி. அகலமான இலை, வெள்ளைப் பூ. இலையெல்லாம் துணி காயப்போட்ட மாதிரி தொங்குகிறது. ஆனியிலும் வெயில் குறையவில்லை, பாவம், தாகம்தான். இரண்டு மக் கூடுதலாக ஊற்றினேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்னும் வாடியிருக்கிறது. இன்னும் ஊற்றினேன்.

ஜூன் 24, செவ்வாய்

மண்ணுக்கு மேல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. முதலில் தலையணைப் பஞ்சு பறந்து வந்து விழுந்ததோ என்று நினைத்தேன். தொட்டால் வழுவழுப்பு. பழைய ரொட்டியில் பிடிக்கும் அதே பூசணம். பாம்புச் செடியின் அடித்தண்டு, அழுகின வாழைப்பழம் மாதிரி விரல் பட்டதும் உள்ளே போயிற்று.

அதோடு ஈக்கள். கொசுவைவிடச் சின்னது, கறுப்பு. கடிப்பதில்லை. மூக்கு நுனி, கண்ணோரம், காபித் தம்ளர் என்று எங்கும் வந்து உட்கார்கின்றன. தொட்டியைத் தட்டினால் குபீரென்று எழும்பி மறுபடி அங்கேயே இறங்குகின்றன. குடித்தனம் வைத்திருக்கின்றன.

மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அப்பளம் பறந்துவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

வசந்தாமணி வீடியோவில் கூப்பிட்டாள். நாள் முழுக்க மழையாம். ஸ்வெட்டருக்கு மேல் சேலை முந்தானையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்டீங்களா? இளைச்ச மாதிரி இருக்கீங்க."

"போனு அப்படிக் காட்டுது."

"ஏன் முகத்துக்கு முன்னாடி கைய ஆட்டிக்கிட்டே இருக்கீங்க?"

"கொசு."

"நம்ம வீட்லயா? ரெண்டாவது மாடிலயா?" என்றாள். பிறகு, "சரி, செடிகளக் காட்டுங்க. செடியப் பாத்தா வீடு எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுரும்" என்றாள்.

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று சிக்னல் காரணம் எடுபடவில்லை. நல்ல நிலையில் இருப்பது பால்கனியில் வைத்த ரப்பர் செடி மட்டும்தான். அது பீங்கான் தொட்டிக்குள் நுழையாததால் பிழைத்தது. அதைக் கூடத்தில் வைத்துக் காட்டினேன். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு, செடியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை ஜன்னலில் வைத்துக் காட்டினேன். பிறகு படுக்கையறையில்.

மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, மூணு ரூம்லயும் ஒரே ரப்பர் செடியா? அதே எலைல அதே ஓட்டையோட?"

தலைமை ஆசிரியையிடம் வீட்டுப்பாடம் காட்டுவது கடினம். நான் அசடு வழிந்ததைப் பார்த்தும் அவள் சிரிக்கவில்லை.

"உங்களைத் தனியா உட்டுட்டு வந்தது தப்போன்னு இருக்குதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டு வந்துர்றேன்."

பீஸ் லில்லி எனக்கு எதிரே தலை கவிழ்ந்து கிடந்தது. போனை அந்தப் பக்கம் திருப்பினால் போதும், வார்த்தையே தேவையில்லை. நாளைக்கே கிளம்பி வந்துவிடுவாள்.

போனை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினேன். கை வலித்தது, அதற்காகத்தான். பிறகு, "இங்க ஒண்ணும் கெட்டுப் போகல, நீ வேலையப் பாரு" என்றேன்.

வைத்தபிறகு லில்லியின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் ஊற்றவில்லை.

ஜூலை 3, வியாழன்

அழைப்புமணி அடித்தது. எதிர்வீட்டு டாக்டர் ஜெபசெல்வி. பல் மருத்துவர். நாகர்கோவில் பக்கத்துப் பெண். கணவர் கப்பலில் வேலை. இத்தனை நாளில் மின்தூக்கியில் "வணக்கம்" சொன்னதைத் தவிரப் பேசியதில்லை.

"அங்கிள், ஒண்ணும் நெனைக்காதீங்க. உங்க வீட்டு ஈ எல்லாம் கதவு இடுக்கு வழியா எங்க வீட்டுக்கு வருது. நேத்து ஒண்ணு சாயாவுல கெடந்து நீந்துது."

உள்ளே வந்தார். பார்த்தார். லில்லியின் மண்ணில் விரலை விட்டார். விரல் முழுக்கக் கறுப்புச் சேறு. முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ ஊத்துனீங்க?"

சொன்னேன்.

"எங்கிள்!" என்றார். "அங்கிள்" என்றுதான் சொல்ல வந்தார், அதிர்ச்சியில் வாய் குழறிவிட்டது. "இது தாகத்துல வாடல. தண்ணியில மூச்சு முட்டி வாடுது. வேர் அழுகிட்டா குடிக்கதுக்கு வாய் ஏது? அழுகின வேர் இருக்க வரைக்கும் ஈயும் போவாது, பூசணமும் போவாது."

"பொழைக்குமாங்க?"

"எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். சனிக்கிழம எனக்குச் சாயங்காலம்தான் கிளினிக்கு. வேர் சிகிச்சதானே, தெனமும் செய்யிற சோலிதான்."

பீங்கான் தொட்டியைச் சாய்த்தபோது அடியில் தேங்கியிருந்த தண்ணீர் ஓடிக் கூடமெல்லாம் நாறியது. ஓட்டல் வரவேற்பறை என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

ஜூலை 5, சனி

நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

பழைய செய்தித்தாளைக் கூடம் முழுக்க விரித்தோம். ஜெபசெல்வி கையுறை, முகக்கவசம், சின்ன வட்டக் கண்ணாடி, கொக்கி மாதிரி வளைந்த ஊசி எல்லாம் கொண்டுவந்திருந்தார். கிளினிக்கில் கழித்துக் கட்டிய கருவிகளாம். எனக்கும் ஒரு முகக்கவசம் தந்தார். லில்லியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்தோம். வேரெல்லாம் கறுத்து, இழுத்தால் தோல் உரிந்து நூல் மட்டும் கையில் வந்தது.

"கறுப்ப எல்லாம் வெட்டுங்க. வெள்ளையா, கெட்டியா இருக்கதத் தொடாதீங்க."

கத்தரிக்கோலை வெந்நீரில் கழுவி வெட்டினேன். வெட்ட வெட்ட எதுவும் மிஞ்சாது போலிருந்தது. அந்தக் கண்ணாடியை வேருக்குள் விட்டு, டார்ச் அடித்து, "இங்க இருக்கு பாருங்க, வெள்ளை! ஒண்ணு, இன்னொண்ணு!" என்று அவர் கத்தினார். நானும் கத்தினேன். அந்த நேரத்தில்தான் பின்னால் குரல் கேட்டது.

"ஏனுங்க, யாருக்கு என்னாச்சு?"

கதவைத் திறந்துதான் வைத்திருந்தோம், நாற்றம் போகட்டும் என்று. வாசலில் வசந்தாமணி. கையில் பை, தோளில் ஈரக் குடை. காலை முதல் பேருந்தைப் பிடித்து வந்திருக்கிறாள், சொல்லாமல்.

முகக்கவசத்தோடு, கையில் கத்தரிக்கோலோடு, சேற்றுக்கு நடுவே நான். சுற்றிலும் அவளுடைய ஆறு செடிகள், வேரோடு கிடக்கின்றன. ஓர் ஈ அவளை வரவேற்கப் பறந்து போனது.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பையை வைத்துவிட்டு, செருப்பு ஸ்டாண்டின் மேலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஜெபசெல்வியும் சேர்ந்துகொண்டார். எனக்கும் வேறு வழியில்லை.

பிறகு சேலையைச் செருகிக்கொண்டு அவளும் கீழே உட்கார்ந்தாள். பூசணம் பிடித்த மேல்மண்ணை வழித்துத் தனியாகக் கட்டினோம். ஆற்று மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டிகளில் மறுபடி நட்டோம். மணி பிளான்ட்டை நறுக்கிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டோம். பாம்புச் செடியை மட்டும் ஜெபசெல்வி தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "சொத்தப் பல்லு மாதிரி, இதப் புடுங்கிப் போடுறதுதான் நல்லது."

எப்படிக் கவனிக்காமல் விட்டாலும் சாகாத செடி என்று அதைச் சொல்வார்களாம். கவனித்துச் சாகடித்திருக்கிறேன்.

வேலை நடுவே வசந்தாமணி பள்ளிக்கதை சொன்னாள். தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வருவதை நிறுத்திவிட்டாளாம். இவள் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, அட்டை கடிக்கக் கடிக்க, மேடேறி அவள் வீட்டுக்கே போயிருக்கிறாள். "அவங்கம்மா கதவத் தெறந்ததும் பயந்துட்டாங்க. நான் எதும் கேக்கலீங்க. டீ குடுங்க, குளுருதுன்னேன். டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள அந்தப் புள்ள பையத் தூக்கிட்டு வந்துருச்சு." சொல்லும்போது கையிலிருந்த மண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தாள். முகம் அப்படி இருந்தது. அப்படி என்றால், எழுதத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்பு பெண் பார்க்கப் போனபோது, நான் என்ன படித்தேன் என்று என்னையே கேள்வி கேட்டாளே, அந்த முகம்.

ஜெபசெல்வி கிளினிக்குக்குக் கிளம்பினார். நாங்கள் இருவரும் செய்தித்தாளைச் சுருட்டினோம்.

"எழுதிக் குடுத்துரலாம்னு முடிவு பண்ணித்தானுங்க வந்தேன்" என்றாள்.

"எதுக்கு? செத்துப்போன பாம்புச் செடிக்காகவா?"

"நான் இல்லாம உங்களுக்குக் கஷ்டமா இல்லீங்களா?"

"இல்ல" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "செடிக்குத்தான் கஷ்டம். எனக்கு என்ன" என்றேன். அதற்கும் பார்த்தாள். கடைசியில், "வசந்தா, அந்தப் புள்ளைக்கு மறுபடியும் யாரு போயி டீ கேப்பாங்க? நீ போ" என்றேன்.

அவள் என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

பேருந்து நிலையத்தில், ஹாரன் ஏதும் அடிக்காத நேரமாகப் பார்த்துக் கேட்டேன்: "செடிக்குத் தண்ணி எப்ப ஊத்தறது?"

"வாரத்துக்கு ஒருக்கா. அன்னைக்கே சொன்னேனுங்களே. அதும் வெரல உட்டுப் பாத்து, காஞ்சிருந்தாத்தான்."

பக்கத்துப் பேருந்துக்காரனை நான் மன்னிக்கப்போவதில்லை.

ஜூலை 9, புதன்

ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றவில்லை. மக்கைப் பரணில் போட்டுவிட்டேன். கை என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியைத் துடைத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

ஈக்களுக்கு ஜெபசெல்வி வழி சொன்னார். மஞ்சள் நிறம் கண்டால் இவை ஓடி வருமாம். இனிப்புக்கடை அட்டைப்பெட்டியின் மஞ்சள் மூடியை வெட்டி, விளக்கெண்ணெய் தடவி, குச்சியில் குத்தித் தொட்டிகளில் நட்டேன். சாயங்காலம் பார்த்தால் எள்ளுருண்டை மாதிரி ஆகியிருந்தது. மண்ணுக்கு மேல் காய்ந்த மணலை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பினேன். ஈரம் இல்லாத இடத்தில் அவை முட்டை வைக்காதாம்.

அட்டையை மாற்றப் போய் என் முழங்கை ஒட்டிக்கொண்டது. எண்ணெயோடும் ஈயோடும் கதவைத் திறந்தேன். கூரியர்காரர் கையெழுத்து வாங்காமலே போய்விட்டார்.

ஜூலை 16, புதன்

லில்லியில் இரண்டு இலை மட்டும் மிச்சம். அவையும் மஞ்சள். ஜன்னல் ஓரம், வெயில் நேராக விழாத இடத்தில் வைத்திருக்கிறேன். வசந்தாமணி வீடியோவில் கூப்பிட்டாள். மறைக்காமல் காட்டினேன். "பாக்கலாங்க, வேர் புடிச்சா எல வரும்" என்றாள். அவளுக்கு மூக்கடைத்திருந்தது.

ஜூலை 21, திங்கள்

இன்று காபியில் ஈ விழவில்லை. காபியும் நன்றாக வந்தது. ஜெபசெல்விக்கு ஒரு தம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கணவர் செப்டம்பரில் வருகிறாராம். ஜெபசெல்வியும் தன் வீட்டுச் செடிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. நான் பெயரெல்லாம் வைக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

குருத்து!

லில்லியின் நடுவில், சுருட்டிய பச்சைக் காகிதம் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் பூச்சியோ என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். குருத்துதான். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஜெபசெல்வி பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நுரையோடு ஓடி வந்து பார்த்து, பேச முடியாமல் கட்டைவிரலைக் காட்டினார்.

வசந்தாமணிக்குப் போட்டோ அனுப்பினேன். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் போனைத் தொடாதவள், உடனே பதில் அனுப்பினாள்.

ஜூலை 28, திங்கள்

போனில் பேசும்போது வசந்தாமணி தும்மிக்கொண்டே இருந்தாள். விடாமல் கேட்டபிறகுதான் சொன்னாள்: அந்த வீட்டில் படுக்கையறைச் சுவர் முழுக்கப் பூசணமாம். மரப்பெட்டி, செருப்பு, பட்டுச் சேலை எல்லாவற்றிலும் ஏறிவிட்டதாம்.

"ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீங்க செடியோட கஷ்டப்பட்டுட்டு இருந்தீங்க. இதையும் வேற சொல்லணுமுங்களா?"

எந்தப் பக்கத்துச் சுவர், ஜன்னல் திறக்கிறதா, தண்ணீர் கூரையிலிருந்து இறங்குகிறதா தரையிலிருந்து ஏறுகிறதா என்று கேட்டேன். திருப்தியான பதில் இல்லை. இதையெல்லாம் நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றேன். அவள் ஒரு தும்மல் போட்டுவிட்டு, "அப்ப நேர்ல வந்து பாருங்க" என்றாள்.

பூசண விஷயத்தில் எனக்கு இப்போது அனுபவம் இருக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

செடிகளை ஜெபசெல்வி வீட்டுக்கு மாற்றினோம். தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. கூடலூர்

நேற்று வந்தேன். மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருகிறது, சொந்தக்காரர் மாதிரி. சுவரைப் பார்த்தேன். வெளியே கூரைக் குழாயில் குப்பையும் இலையும் அடைத்து, கூரைத் தண்ணீர் வழிந்து சுவரில் ஊறுகிறது. ஏணி வாங்கி ஏறி அடைப்பை எடுத்தேன். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தினோம். மூக்கைக் கட்டிக்கொண்டு நான் சுவரைத் தேய்த்தேன், வசந்தாமணி பெட்டியைத் துடைத்தாள். சாயங்காலம் அரை மணி நேரம் வெயில் அடித்தது. வீட்டிலிருந்த துணி எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் போட்டோம். அக்கம்பக்கத்தாரும் போட்டார்கள். தெருவே திருவிழா மாதிரி இருந்தது.

ராத்திரி அவள் தும்மவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வசந்தாமணி பள்ளிக்குக் கிளம்பியபிறகு, ஓர் எட்டு கடைத்தெருவரை நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் பால் கேனைக் கழுவிக்கொண்டே, "புதுசா இருக்கீங்களே, யாரு நீங்க?" என்றார்.

எங்கே போனாலும் மின்வாரியம் என்று சொல்லியே பழகிய வாய். இன்று அது வரவில்லை.

"உங்க ஸ்கூல் எச்.எம். இருக்காங்கல்ல, அவங்க வீட்டுக்காரருங்க."

"டீச்சர் வீட்டு சாரா! உக்காருங்க, உக்காருங்க" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டார். டீ நல்ல சூடு. எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டார். சுவர் இன்னும் முழுக்கக் காயவில்லை, பார்க்கலாம் என்றேன்.

எங்கள் வீட்டுக்குப் பால் போடுவதும் அவர்தானாம். டீச்சருக்குத் தினமும் கால் லிட்டர். நாளையிலிருந்து அரை லிட்டராகப் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.